கருப்பு கவுனியிலும் ஏற்காடு காபிப் பழத்திலும் ஒரே நிறமி: நம் செல்களுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது?

சேர்வராயன் மலையில் நவம்பர் வந்துவிட்டால் காபிப் பழம் பறிக்கும் வேலை சூடுபிடிக்கும். சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு நடுவே, அதுவரை பச்சையாக இருந்த காய்கள் ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாக நிற்கும். அந்தச் சிவப்புக்குக் காரணம் சயனிடின் என்ற நிறமி. செட்டிநாட்டில் பிரபலமான கருப்பு கவுனி அரிசிக்குக் கருநிறம் தருவதும் இதே சயனிடின்தான். மூலக்கூறோடு ஒட்டியிருக்கும் சர்க்கரை மட்டும் கொஞ்சம் மாறும்.

கவுனி பாக்கெட்டில் 'ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது' என்று அச்சடிப்பது இந்த நிறமியை நம்பித்தான். அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கவுனி சாப்பிட்டால் சுகர் மாத்திரையே வேண்டாம் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை?

ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்னா என்ன?

சாப்பிடும் உணவை ஆக்ஸிஜன் உதவியோடு செல்கள் சக்தியாக மாற்றுகின்றன. இந்த வேலை நடக்கும்போது, எலக்ட்ரான் ஜோடி சேராத, நிலையில்லாத மூலக்கூறுகள் சில உருவாகும். இவைதான் ஃப்ரீ ரேடிக்கல்கள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என எதிலிருந்தாவது ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். பறிகொடுத்த மூலக்கூறு அடுத்ததிடம் கை வைக்கும். சிகரெட் புகை, காற்று மாசு, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய் எல்லாம் இதைக் கூட்டும். சேதத்தின் வேகம், தடுக்கும் வேகத்தை மிஞ்சும் நிலைதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்.

அதற்காக ஃப்ரீ ரேடிக்கல்களை முழு வில்லனாகவும் பார்க்க வேண்டியதில்லை. கிருமிகளைக் கொல்ல நம் வெள்ளை அணுக்களே இவற்றைத் தயாரிக்கின்றன. அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற நொதிகளும், குளூட்டாதயோன் என்ற பொருளும் உடம்பிலேயே இருக்கின்றன. சாப்பாட்டில் வரும் ஆன்டிஆக்ஸிடன்ட் இவற்றுக்கு ஒத்தாசை செய்யலாம், அவ்வளவுதான்.

நிறம் தவிட்டில்தான் இருக்கு

கவுனி அரிசியை உடைத்துப் பாருங்கள், உள்ளே பெரும்பாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். நிறமி முழுக்க வெளியே சுற்றியிருக்கும் தவிட்டில். மாப்பிள்ளை சம்பா போன்ற சிவப்பு அரிசியிலும் அப்படித்தான், ஆனால் அங்கே இருப்பது புரோஆந்தோசயனிடின் என்ற வேறு வகை. அதனால் தீட்டிய சிவப்பு அரிசி வாங்கினால் பெயர் மட்டும்தான் மிச்சம்.

அடுத்த இழப்பு அடுப்பில். கருப்பு அரிசியை வைத்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், குக்கரில் பிரஷர் வைத்து வேகவைத்தபோது முக்கிய நிறமியில் சுமார் 80 சதவீதம் சிதைந்துபோனது. சாதாரணப் பாத்திரத்தில் கேஸ் அடுப்பில் வைத்தபோதும் சுமார் 65 சதவீதம் போனது. சிதைந்ததில் ஒரு பகுதி புரோட்டோகேட்டச்சுவிக் அமிலமாக மாறியது. அதுவும் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட்தான் என்பது ஆறுதல்.

இன்னொன்று, இந்த நிறமி தண்ணீரில் கரையும். கவுனியை இரவு ஊறவைத்தால் காலையில் தண்ணீர் ஊதா நிறமாக இருக்கிறதே, அதை சிங்க்கில் கொட்டினால் காசு கொடுத்து வாங்கியதையே கொட்டுகிறோம். முதலில் நன்றாகக் கழுவிவிட்டு, ஊறிய தண்ணீரிலேயே வேகவையுங்கள். வடித்துக் கொட்டவும் வேண்டாம்.

செட்டிநாட்டு வீடுகளில் கவுனி அரிசி என்றால் சர்க்கரை, நெய், தேங்காய்த் துருவல் போட்ட இனிப்பு. அது விசேஷப் பலகாரம், மருந்தாக யாரும் சாப்பிட்டதில்லை!

காபியில் தோல் போயிடுது, கொட்டை?

ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820-களில். அப்போது சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து பயிரிட்டார். அரிசியில் நிறமியோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம், காபியில் அது நேர் எதிர். பல்ப்பர் மெஷினில் சிவப்புத் தோலைப் பிரித்தெடுத்து எருக்குழியில் போட்டுவிடுகிறோம். யேமனில் அந்தத் தோலைக் காயவைத்து 'கிஷ்ர்' என்ற பானம் காய்ச்சுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் 2022-ல் காபிப் பழத்தோலை பானங்களில் சேர்க்க அனுமதி கொடுத்தது.

தோல் போனாலும் கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் என்ற வேறொரு ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறது. வறுக்க வறுக்க இது குறையும். கருக வறுத்த தூளில் ரொம்பக் குறைவு. சிக்கரி கலந்தால் காபித் தூளின் பங்கே குறைகிறது.

டெஸ்ட் டியூப் வேறு, உடம்பு வேறு

நிறமியில் மிகச் சிறிய பகுதிதான் அப்படியே ரத்தத்தில் கலக்கும். மீதியைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்துச் சிறிய அமிலங்களாக்கும். நன்மை இருந்தால் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான், அதாவது உடம்பின் சொந்தத் தடுப்பு நொதிகளைத் தூண்டிவிடுவதன் மூலம் இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். உணவுகளை ஆன்டிஆக்ஸிடன்ட் திறனை வைத்து வரிசைப்படுத்திய 'ஓராக்' பட்டியலை அமெரிக்க வேளாண் துறை 2012-ல் நீக்கியதற்கும் இதுதான் காரணம். ஆய்வகத்தில் வரும் எண் உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்வதில்லை.

மாத்திரையாக விழுங்கினால்? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது.

யார் கவனமா இருக்கணும்?

சர்க்கரை நோயாளிகள் முதலில். கவுனியில் தவிடும் நார்ச்சத்தும் இருப்பதால் தீட்டிய வெள்ளை அரிசியைவிட நல்ல தேர்வுதான். ஆனாலும் அது அரிசி. 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. அளவு பார்க்க வேண்டும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அடுத்து, ரத்தசோகை உள்ள பெண்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சிவப்பு, கருப்பு அரிசியை இரும்புச்சத்துக்காகப் பரிந்துரைப்பது வழக்கம். ஆனால் செல்லைக் காப்பதாகச் சொல்லப்படும் அதே பாலிஃபீனால்களும், தவிட்டில் உள்ள ஃபைட்டேட்டும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காபியும் இதையே செய்யும். அதனால் சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி என வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று சேர்ந்து இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்க வேண்டாம். காபிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.