விரைவுச் சரக்கும் தாமதத்தின் கணக்கும்

சரக்குக் கூலி என்பது வியாபாரக் கணக்கில் செலவுப் பத்தியிலேயே இடம்பெறுவது. அதைக் குறைப்பவன் சமர்த்தன், கூட்டுபவன் ஊதாரி என்பது நெடுங்காலமாக நிலவிவரும் அபிப்பிராயம். இதற்கு நேர்மாறாக, கப்பற்கூலியைப் போலப் பன்மடங்கு கொடுத்துப் பண்டத்தை விமானத்தில் ஏற்றியும், நடுவழியில் எங்கும் இறக்கி மாற்றாத தனி லாரியில் அனுப்பியும் வரும் வழக்கம் இன்று நன்கு வேரூன்றிவிட்டது. தேசங்களுக்கிடையே பரிமாறப்படும் சரக்கை எடையால் அளந்தால் விமானத்தில் செல்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. விலையால் அளந்தாலோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அவ்வழியாகத்தான் செல்கிறது. இத்தனை வியாபாரிகளும் ஒருங்கே மதியிழந்துவிட்டார்கள் என்று கொள்வதற்கில்லை. ஆகவே அந்த அதிகக் கூலி எதை விலைக்கு வாங்குகிறது என்பதும், அவ்விலையை யார் கொடுக்க, பயனை யார் அடைகிறார் என்பதும் ஆராய்தற்குரியவை. முதற் கேள்விக்கு அறிஞர் நல்ல விடைகள் கண்டிருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதும், அதற்கு விடை காணாமல் முதற் கேள்விக்குச் சொன்ன விடை அரைகுறையாகவே நிற்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விரைவுக்கென்று தனி விலை வைத்த வியாபாரங்களுள் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் சீனத் தேயிலை வியாபாரம் சரித்திரப் பிரசித்தி பெற்றது. பருவத்தின் முதல் தேயிலையை லண்டன் சந்தையில் முந்திக் கொண்டுசேர்க்கும் கப்பலுக்கு வழக்கமான கூலிக்கு மேலே ஒரு தொகை கொடுப்பது அக்காலத்துச் சம்பிரதாயம். 1866 மே மாத இறுதியில் சீனத்து ஃபூச்சௌ துறையிலிருந்து ஏரியல், டேப்பிங், செரிக்கா முதலிய பாய்க்கப்பல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு புறப்பட்டன. இந்து மகாசமுத்திரத்தைக் கடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏறத்தாழ 99 நாட்கள் ஓடிச் செப்டம்பர் 6ஆம் தேதி இரவு அவை லண்டன் துறைகளுக்குள் நுழைந்தபோது, டேப்பிங் ஏரியலை முந்தியிருந்தது 28 நிமிஷங்களே. டன்னுக்கு 10 ஷில்லிங் என்று பேசியிருந்த மேற்கூலியை இரு கப்பலாரும் தகராறின்றிப் பங்கிட்டுக்கொண்டனர். பத்திரிகைகள் இதனைக் கொண்டாடின. பந்தயம் கட்டியவர்கள் கொண்டாடினார்கள். தேயிலை வியாபாரிக்கு மட்டும் கொண்டாட ஒன்றும் இருக்கவில்லை. முதலில் வரும் சரக்குக்கு உயர்ந்த விலை கிடைப்பது அது முதலில் வருகிறது என்பதனாலன்றோ? ஒரே நீரேற்றத்தில் இரண்டும் மூன்றுமாகக் கப்பல்கள் வந்து, பல லட்சம் ராத்தல் தேயிலை ஒன்றாகச் சந்தையில் குவியும்போது முதன்மை என்பதே அர்த்தமிழந்து போகிறது. அத்தகைய மேற்கூலி அதன் பிறகு கைவிடப்பட்டது. மூன்றாண்டுகளில், 1869 நவம்பரில், சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு நீராவிக் கப்பல்களுக்குக் குறுக்குவழி கிடைக்கவே, அப்பாய்க்கப்பல்களின் காலமே முடிவை நெருங்கலாயிற்று.

இந்தச் சரித்திரத்தை வீரக் கதையாகப் படிப்பதைவிடப் பொருளாதாரப் பாடமாகப் படிப்பது பயனுடையது. போட்டியாளரை முந்துவதற்காக வாங்கும் விரைவுக்கு நிலையான மதிப்புக் கிடையாது. எல்லோரும் அதனை வாங்கியவுடன் ஒருவரும் முந்தியவராக இல்லாமல், எல்லோருடைய செலவும் மட்டும் உயர்ந்து நிற்கிறது. பிறர் விரைந்தாலும் விரையாவிட்டாலும் குன்றாத மதிப்புடைய விரைவு வேறொன்று உண்டு. கன்வேயர் நிற்க, நூற்றுக்கணக்கான தொழிலாளர் கைகட்டி இருக்க, ஒரு சிறு உறுப்புக்காகக் காத்திருக்கும் மோட்டார்த் தொழிற்சாலைக்கும், பழுதுற்றுத் தரையில் நிற்கும் பயணிகள் விமானத்துக்கும் தேவையான பண்டம் ஒரு நாள் முன்னதாக வந்தால், அந்த ஒரு நாள் அயலான் என்ன செய்தாலும் மெய்யான லாபமே. விரைவுச் சரக்கை விற்கும் ஸ்தாபனங்கள் தம் விளம்பரங்களில் இவ்விரண்டு விரைவுகளையும் வேற்றுமையின்றிக் கலந்தே பேசுகின்றன. அவர்களுக்கு அது வசதி. ஆராய்ச்சியாளன் அதற்கு இடங்கொடுக்கலாகாது.

முதற் கேள்விக்கான விடைகளில் முன்னோடியானது, ஹார்வர்ட் வாணிபக் கல்லூரியைச் சார்ந்த லூயிஸ், கல்லிட்டன், ஸ்டீல் என்ற மூவர் 1956இல் வெளியிட்ட ஆராய்ச்சி. விமானக் கூலியைக் கப்பற்கூலியோடும் ரயில் கூலியோடும் மட்டும் ஒப்பிட்டு அதிகம் என்று தள்ளுவது பிழை. கிடங்கு வாடகை, இருப்பில் முடங்கிய மூலதனம், அதன் மேல் வட்டி, காப்பீடு, பழையதாகிப்போன சரக்கின் நஷ்டம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்டிப் பார்த்தால் சில பண்டங்களுக்கு விமானமே மலிவு என்பது அவர்களுடைய முடிவு. இன்று இது ஒவ்வொரு நிர்வாகப் பாடநூலிலும் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. எனினும் இவ்வாதத்தை அளவுக்கு மீறி இழுப்பவர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. தேவையின் ஏற்றத்தாழ்வை மட்டும் கருத்தில் கொண்டால், தற்காப்புக்காக வைக்கும் இருப்பு, சரக்கு வந்துசேரும் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டியே குறையும் என்பது கணிதம். வரவுக்காலம் 36 நாட்களிலிருந்து 4 நாட்களாகச் சுருங்கினால், காலம் ஒன்பதில் ஒன்றாகிறது. இருப்போ மூன்றில் ஒன்றாகத்தான் குறைகிறது. விரைவு கூடக்கூடக் கிடைக்கும் மிச்சம் அதே வீதத்தில் கூடுவதில்லை.

பின்னர், ஹம்மல்ஸ், ஷௌர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அமெரிக்காவுக்கு வரும் சரக்குகளில் விமானத்துக்கும் கப்பலுக்கும் இடையே வியாபாரிகள் செய்யும் தேர்வைக் கொண்டே காலத்தின் விலையை மதிப்பிட்டு, 2013இல் வெளியிட்டனர். பயணத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் பண்டத்தின் மதிப்பில் நூற்றுக்கு 0.6 முதல் 2.1 வரையிலான வரிக்குச் சமம் என்பதும், உதிரி உறுப்புகளே காலத்துக்கு மிகவும் கட்டுப்பட்டவை என்பதும் அவர்கள் கண்டவை. இத்தொகையின் கனத்தை உணர ஒரு சிறு கணக்குப் போடலாம். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று கொண்டால், ஒரு நாள் வட்டி நூற்றுக்கு 0.033தான். அறிஞர்கள் சொல்லும் குறைந்த மதிப்பே இதைப் போலப் பதினெட்டு மடங்கு. ஆகவே வியாபாரி விரைவுக்குக் கொடுக்கும் பணத்தில் வட்டியை மிச்சப்படுத்தக் கொடுப்பது ஒரு சிறு துளி. பெரும்பகுதி பருவம் தவறிவிடுமோ, ரசனை மாறிவிடுமோ, அலமாரி வெறுமையாகிவிடுமோ என்ற ஐயத்தை நீக்கக் கொடுக்கும் விலையே. நாளைய சந்தையை இன்றே தீர்மானிக்க வேண்டிய அவசியத்திலிருந்து விடுதலை பெறுவதற்கான விலை என்றும் அதைச் சொல்லலாம்.

ஐயத்தை நீக்கும் சாதனமே ஐயத்துக்கு இடமாவதும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய ஆகாயத்தை மூடியபோது, கென்யாவின் மலர்கள் அனுப்ப வழியின்றி அழுகின, ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலைகள் உறுப்புகள் வராமல் உற்பத்தியை நிறுத்தின. இதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

இனி, இரண்டாவது கேள்வி. அதற்குத் திருப்பூரைவிடத் தக்க களம் நம் நாட்டில் இல்லை. பின்னலாடை ஏற்றுமதியில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் எஃப்.ஓ.பி. முறையில் அமைந்தவை, துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையில் செலவும் பொறுப்பும் ஏற்றுமதியாளருடையவை, அதற்கு மேற்பட்ட கப்பற்கூலி வாங்குபவருடையது. தூத்துக்குடியில் ஏறும் பெட்டி, சிறு கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகிறது. குறித்த தேதிக்குள் சரக்கு ஆயத்தமாகாவிட்டால் ஒப்பந்தத்தின் சுபாவமே மாறிவிடுகிறது: விலையில் தள்ளுபடி கொடு, அல்லது உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்கிறார் வாங்குபவர். கப்பற்கூலி கொடுக்க வேண்டியவர் கூலியிலிருந்து விடுபடுகிறார். கொடுக்க வேண்டாதவர் அதைப்போலப் பன்மடங்கைச் சுமக்கிறார். ஆடையோ கனமற்று இடத்தை அடைப்பது. விமானக் கம்பெனிகள் 6000 கன சென்டிமீட்டர் இடத்தை ஒரு கிலோவாகக் கணக்கிட்டுக் கூலி வாங்குவதால், தராசில் காணாத எடைக்கும் பணம் கட்ட நேர்கிறது. ஒரே ஒரு ஆர்டரை 'ஏர்'-ல் போட்டதில் அதன் லாபம் முழுவதும் போய், முதலிலும் கைவைக்க நேர்ந்தது என்பது அவ்வூர் வியாபாரிகளிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு.

தாமதித்தவன் கொடுக்கட்டும், அதில் அநியாயம் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் தாமதித்தவன் யார் என்பது அத்தனை தெளிவாக இருப்பதில்லை. நூல் வாங்கி, நிட்டிங் முடித்து, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறும் தொழில் அது. ஒரு பட்டறை இரண்டு நாள் பிந்தினால், அடுத்தவர் தம் முறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட, இரண்டு நாள் ஒரு வாரமாகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, துணியைச் சாயத்துக்காக வெளியூர்களுக்கு அனுப்ப நேர்ந்த காலத்தில் நாட்கள் எப்படிக் கரைந்தன என்பதை அத்தொழிலினர் மறந்திருக்க மாட்டார்கள். சாயக்கழிவால் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்கு அத்தொழில் பொறுப்பேற்றே ஆக வேண்டும் என்பது வேறு. தாமதத்தின் மற்றொரு ஊற்றுக்கண் கடலுக்கு அப்பால் இருக்கிறது. சாய மாதிரிக்கு ஒப்புதல், அளவு மாதிரிக்கு ஒப்புதல், அச்சுக்கு ஒப்புதல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வாங்குபவரின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தாக வேண்டும். அப்பதில் பத்து நாள் பிந்தினாலும், நடுவில் நிறத்தையோ அளவையோ மாற்றினாலும், ஏற்றுமதித் தேதி மட்டும் எழுதியபடியே நிற்பது வழக்கம். அங்கே செலவழிந்த பத்து நாளை இங்கே இரவுத் தையலாலும், அது போதாதபோது விமானக் கூலியாலும் திருப்பி வாங்குகிறார்கள். இரவுத் தையலின் விலையைத் தருபவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இவ்விடத்தில் ஹம்மல்ஸ் முதலானோர் முறைக்கு ஒரு திருத்தம் அவசியமாகிறது. விமானத்தைத் தேர்ந்தவர் விரைவின் பயனையும் அடைபவர் என்று கருதியே தேர்விலிருந்து மதிப்பை ஊகிக்கிறோம். திருப்பூரிலோ, அனுப்புபவர் கூலி கொடுப்பது அந்த ஒரு சரக்கின் பயனுக்காக அன்று. அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போகாதிருக்கவே கொடுக்கிறார். லண்டன் கடையின் அலமாரி நிரம்பியதால் வரும் லாபத்தில் அவருக்குப் பங்கு கிடையாது. ஆகவே அவர் கொடுத்த தொகை விரைவின் மதிப்பை அளப்பதாகாது. இரு தரப்பாருக்கும் இடையே உள்ள பேரம் பேசும் பலத்தின் ஏற்றத்தாழ்வையே அது அளக்கிறது. கூலியைத் தான் கொடுக்க வேண்டியிருந்தால் வாங்குபவர் அதே சரக்கை விமானத்தில் வரவழைத்திருப்பாரா என்று கேட்டுப் பார்த்தால், பல சந்தர்ப்பங்களில், ஒரு வாரம் பொறுத்துக் கப்பலிலேயே வரட்டும் என்று அவர் சொல்லியிருக்கக்கூடும். செலவு தன்னுடையதாக இல்லாதபோது அவசரம் எளிதில் பிறக்கிறது. 2023இன் இறுதியிலிருந்து செங்கடலில் தாக்குதல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் பழைய நன்னம்பிக்கை முனை வழிக்கே திரும்பி, ஐரோப்பியப் பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டபோதும், நீண்ட நாட்களை எப்பக்கத்துக் கணக்கில் எழுதுவது என்ற இதே வழக்குத்தான் எழுந்தது.

விரைவுச் சரக்கைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நின்றுபோன யந்திரத்துக்கும், உயிர் காக்கும் மருந்துக்கும், வாடும் மலருக்கும் அது கொடுக்கும் பயனை மறுப்பார் இல்லை. ஒப்பந்தங்கள் விஷயத்தில் மட்டும் ஒரு யோசனை கூறலாம். ஏற்றுமதித் தேதியைத் தனித்த தேதியாக எழுதாமல், கடைசி ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாள் என்று எழுதிவிட்டு, அதற்குமேல் விமானம் அவசியமானால் தாமதத்தின் நாட்களை இரு தரப்புக்கும் பிரித்து, அந்த விகிதத்தில் கூலியையும் பிரிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதிரியும் போன நாளையும் பதில் வந்த நாளையும் இரு தரப்பாரும் ஒப்பமிட்ட பதிவேடு ஒன்று இருந்தால் போதும். சிறிய ஏற்றுமதியாளர் தனியே நின்று இதைக் கேட்டால் ஆர்டரை இழப்பார். ஆகையால் இதை முதலில் கேட்க வேண்டியவை அவர்களுடைய சங்கங்களே.