பெருஞ்சீரகமும் சோம்பும்: ஒரு சொல் வரலாறு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசரால் நிறுவப்பெற்றது. தமிழரும் மலையாளிகளும் கலந்து பழகும் இத்தெருவில் ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் உள்ளன. தமிழ்நாட்டார் 'சோம்பு' என்பதை மலையாளிகள் 'பெருஞ்ஜீரகம்' என்பர்.

'சோம்பு' வடஇந்திய மொழிகளின் 'சௌன்ஃப்' என்பதோடு தொடர்புடையது. 'பெருஞ்சீரகம்' என்பதோ, வடமொழி 'ஜீரக' என்பதன் தமிழ் வடிவத்தோடு 'பெரு' என்னும் அடை சேர்ந்து அமைந்தது. சீரகமும் பெருஞ்சீரகமும் வெவ்வேறு செடிகள். விதைகளின் தோற்ற ஒப்புமையே இப்பெயருக்குக் காரணம். தெலுங்கில் 'பெத்த ஜீலகர்ர', கன்னடத்தில் 'தொட்ட ஜீரிகெ' என்பனவும் இவ்வமைப்பினவே.

கேரளச் சமையலில் இவ்வேறுபாடு இன்றியமையாதது. தோரன், அவியல் ஆகியவற்றிற்குத் தேங்காயோடு அரைப்பது 'நல்ல ஜீரகம்'; இறைச்சிக் கறியின் மசாலாவிற்கு உரியது பெருஞ்சீரகம். அடையை நீக்கிச் 'சீரகம்' என்று மட்டும் பெயர்த்தெழுதின் கறியின் சுவையே மாறிவிடும். ஈழத்தமிழரும் நற்சீரகம், பெருஞ்சீரகம் என இவ்வாறே பகுத்து வழங்குகின்றனர்; அவர்தம் கறித்தூளில் இரண்டும் இடம்பெறும்.

தமிழ்நாட்டில் பெருஞ்சீரகம் என்னும் பெயர் இன்று பெரிதும் சித்த மருத்துவ வழக்காகச் சுருங்கியுள்ளது. கேரளத்திலும் ஈழத்திலும் அது அடுக்களைச் சொல்லாக வாழ்வதை நோக்கின், முன்னர்த் தமிழகத்திலும் அவ்வாறே வழங்கியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. எனவே, அகராதியாளர் இதனை மருத்துவச் சொல்லென ஒதுக்காது, வட்டாரக் குறிப்புடன் உணவுச் சொல்லாகவும் பதிவு செய்தல் வேண்டும்.