தீவாக்கம்

பெருமின்தொகுப்பிலிருந்து அறுபட்ட ஒரு நுண்மின்தொகுப்பு, தன் சூரியத் தகடுகளையும் மின்கலங்களையும் கொண்டே தன் சுமையைத் தாங்கி இயங்கும் நிலையை மின்பொறியியல் தீவாக்கம் என்கிறது. தீவு என்பது ‘இருபுறமும் நீருடையது’ எனப் பொருள்படும் துவீபம் என்னும் வடசொல்வழி வந்தது. ஆற்றிடைக்குறையைத் தமிழ் அரங்கம் என்றும் துருத்தி என்றும் வழங்கியது.

அரங்கநாதர் கோயில் கொண்ட செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி, தீவாக்கம் என்னும் சொல்லுக்குக் கண்கண்ட உரை எனலாம்: ஆழ்ந்த பாறைப் பிளவின் மேலிட்ட பாலத்தை எடுத்துவிட்டால், சுனையும் களஞ்சியமும் உடைய அவ்வுச்சி தனித்து நிற்கும். 1690இல் தொடங்கிய முகலாயர் முற்றுகை 1698 வரை நீண்டதில் இத்தகைய அமைப்புக்கும் பங்குண்டு.

நுண்மின்தொகுப்பு பெருந்தொகுப்போடு இணைந்திருக்கையில் மின்னழுத்தத்தையும் 50 ஹெர்ட்ஸ் அலைவெண்ணையும் பெருந்தொகுப்பே வகுக்க, இன்வெர்ட்டர் அதைப் பின்பற்றி மின்னோட்டத்தை மட்டும் செலுத்தும். அறுபட்டதும் அவ்விரண்டையும் உள்ளிருக்கும் ஒரு கருவியேனும் உருவாக்கியாக வேண்டும். சுமை கூடக்கூட அலைவெண்ணைச் சிறிது தாழவிட்டு, அத்தாழ்வையே குறிப்பாகக் கொண்டு பல கருவிகள் சுமையைப் பகிர்வது சரிவுக் கட்டுப்பாடு எனப்படும். சாதாரணக் கூரைச் சூரிய இன்வெர்ட்டரோ, மின்தடை நேர்ந்ததும், உச்சிவெயிலிலும்கூட, கம்பத்தில் ஏறும் தொழிலாளியின் உயிர் காக்கத் தானே நின்றுவிடுகிறது. இது தீவாக்கத் தடுப்பு. தீவாக நின்ற நுண்மின்தொகுப்பு பெருந்தொகுப்போடு மீண்டும் இணைகையில் மின்னழுத்தம், அலைவெண், அலைக்கட்டம் மூன்றும் ஒத்த பின்னரே இணைப்பான் மூடப்படும்.