செயற்கைச் சூரியனுக்கு ஒரு கடிவாளம்

செம்பனை ஆலையின் நீராவிக் கொதிகலனை நாம் அறிவோம். அழுத்தமானியைப் பார்த்து நெருப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஆள் இருக்கிறார். அவர் கண்ணயர்ந்து அழுத்தம் மீறினாலும், பாதுகாப்பு வால்வு தானே திறந்து நீராவியை வெளியேற்றிவிடும். இயக்குவதற்கு ஓர் ஏற்பாடு. காப்பதற்கு வேறோர் ஏற்பாடு. அணுக்கரு இணைவு உலையின் வரலாற்றிலும் இதே விதியைக் காண்கிறோம்.

சூரியனில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதால் ஆற்றல் பிறக்கிறது. பூமியில் அதைச் செய்ய, பத்துக் கோடி டிகிரிக்கும் மேலான வெப்பம் வேண்டும். அதைத் தாங்கும் பாத்திரம் எதுவுமில்லை. ஆகவே 1950-களில் சோவியத் விஞ்ஞானிகள் வளைய வடிவக் கலம் ஒன்றைச் செய்து, சூடான வாயு சுவரில் படாதவாறு காந்த வேலி அமைத்தனர். அதுவே டோக்காமாக்.

இங்கிலாந்தின் கல்ஹாமில் ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த ஜெட் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது. அதில் வாயு வளையத்தை உயரவாக்கில் நீட்டினார்கள். வெப்பத்தைக் காக்க அது நல்லது. ஆனால் நீண்ட வளையம் மேலோ கீழோ சரியக்கூடும். சரிந்தால் கலத்தின்மீது நூற்றுக்கணக்கான டன் விசை தாக்கக்கூடும். மனிதர் கை எட்டுமுன் எல்லாம் முடிந்துவிடும். எனவே வாயு நகர்வதை அளவுகருவிகள் உணர, காந்தங்கள் உடனே அதைத் திருப்பித் தள்ளும்படி செய்தனர். காந்தம், வெற்றிடம் முதலிய பகுதிகளுக்குத் தனித்தனிக் கணினிகள் அமைந்தன. ஆபத்தில் உலையை நிறுத்தும் காப்பு அமைப்பைத் தனியாக வைத்தனர்.

இவ்வாறு பெரிய பணியைப் பகுதிகளாகப் பிரித்து, அவை ஒன்றோடொன்று இசையும்படி முன்கூட்டியே திட்டமிடுவதையே முறைமைப் பொறியியல் என்கிறோம்.

பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஈட்டர் உலைக்கு இது இன்னும் அவசியமாயிற்று. 2006-ல் இந்தியா உள்ளிட்ட ஏழு தரப்புகள் அதற்கு ஒப்பந்தம் செய்தன. பாகங்கள் பல நாடுகளில் உருவாவதால், கட்டுப்பாட்டுக்கான பொது விதிகளை எழுதி எல்லாருக்கும் கொடுத்தனர். உலையை இயக்க ஒன்று, இயந்திரத்தைக் காக்க ஒன்று, மனிதரையும் சுற்றுப்புறத்தையும் காக்க ஒன்று என மூன்று அமைப்புகளைப் பிரித்தனர்.

ஜெட் உலை 2023-ல் 69 மெகாஜூல் ஆற்றலை வெளிப்படுத்தி, அவ்வாண்டே ஓய்வு பெற்றது. வாயுவைச் சூடாக்கச் செலவிட்டதைவிட அது குறைவே. இணைவு மின்சாரம் இன்னும் நம் வீட்டுக்கு வரவில்லை. வரும் நாளில், அடுப்பை மூட்டியவர்களோடு அதற்குக் காவல் அமைத்தவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.