ஆழ்மன உளவியல்: சொல்லும் பொருளும்



ஒரு கலைச்சொல்லை மனப்பாடம் செய்வது எளிது. அது பிறந்த இடத்தையும் நடந்து வந்த வழியையும் அறிந்தால்தான் அதன் பொருள் நமக்கு உரியதாகும். 'ஆழ்மன உளவியல்' என்னும் தொடரை அவ்வாறு ஆராய்வோம்.

இதன் மூலச்சொல் ஜெர்மானிய மொழியில் பிறந்தது. அம்மொழியில் 'டீஃப்' என்றால் ஆழம். 'சைக்கே' என்னும் கிரேக்கச் சொல் மூச்சையும் உயிரையும் குறிப்பது. 'லோகோஸ்' என்பது உரை, ஆய்வு எனப் பொருள்படும். இவை இணைந்த பெயரை 1910-ஐ ஒட்டி வழங்கியவர் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் புளொய்லர் என்பர். பிராய்டு, யுங் முதலியோர் வளர்த்த இத்துறையின் அடிப்படைக் கருத்து இது: நாம் அறிந்த மனம் மேற்பரப்பே, நாம் அறியாத மனமும் நம் செயல்களை இயக்குகிறது. அதற்குத் தமிழில் அமைந்த பெயர் 'நனவிலி'. கனவுக்கு எதிராகப் பழந்தமிழ் வழங்கிய 'நனவு' என்னும் சொல்லோடு, இல்லாததைக் குறிக்கும் 'இலி' சேர்ந்து அது உருவாயிற்று.

மனத்தின் ஆழத்தை ஆராய்வது காரைக்குடியை அடுத்த கோவிலூருக்குப் புதிதன்று. முத்துராமலிங்க ஆண்டவர் நிறுவிய அவ்வூர் மடத்தில், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக வேதாந்தம் தமிழ் நூல்களின் வழியே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. அவற்றுள் ஒன்று தாண்டவராய சுவாமிகளின் 'கைவல்லிய நவநீதம்'. அதற்குக் கோவிலூர்ப் பொன்னம்பல சுவாமிகள் உரை கண்டார். நனவு, கனவு, ஆழ்ந்த உறக்கம் என்னும் மூன்று நிலைகளையும் வேதாந்தம் ஆராய்கிறது. மலரை எடுத்த பின்னும் கூடையில் மணம் தங்குவதுபோல், முன்னை அனுபவங்கள் மனத்தில் விட்டுச் செல்லும் பதிவை அது 'வாசனை' என்கிறது.

இந்நூலைக் கார்ல் கிரவுல் என்னும் ஜெர்மானிய அறிஞர் மொழிபெயர்த்து, 1854, 1855 ஆகிய ஆண்டுகளில் லைப்சிக் நகரில் வெளியிட்டார். அதே நகரில்தான் 1879-இல் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இதுகொண்டு மேனாட்டு உளவியலுக்கு வேதாந்தமே தாய் என்று கூறுதல் பொருந்தாது. இரண்டும் ஓரூரில் நிகழ்ந்தமை மட்டும் உறவுக்குச் சான்றாகிவிடாது.

இவற்றின் நோக்கமும் வேறு. அடக்கப்பட்ட எண்ணங்களை வெளிக்கொணர்ந்து மனநோயைத் தணிக்க முயன்றார் பிராய்டு. வாசனைகளை நீக்கி வீடுபேறு அடைவிக்க முயல்வது வேதாந்தம்.

இவ்விரு மரபையும் கற்றவர் கிரீந்திரசேகர் போஸ். 1922-இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய அவர், பிராய்டைப் போற்றினார். ஆயினும் அவர் சொன்ன யாவற்றையும் அப்படியே ஏற்றாரல்லர். எதிரெதிரான ஆசைகள் இணையாகவே மனத்தில் உள்ளன என்னும் தம் கொள்கையைப் பிராய்டுக்கே எழுதி வாதிட்டார்.

மாணவர் பின்பற்றத்தக்க நெறி இதுவே. பிறர் சொல்லைக் கற்போம். நம் சொல்லையும் பொருள் பிசகாமல் காப்போம். 'வாசனை'யும் 'நனவிலி'யும் ஒன்றே என்று அவசரப்பட்டு முடிவு செய்வோமாயின், இரண்டன் பொருளையும் இழந்துவிடுவோம்.