தீவகத்துப் பனிக்காலை

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய தீவுகளில் மார்கழி தொடக்கம் மாசி வரை விடியலில் படியும் பனியையும் அதையொட்டிய வாழ்க்கையையும் இக்கட்டுரை விவரிக்கிறது. தீவகம் என்றதும் வெயிலையும் வறட்சியையும் மட்டுமே எழுதிவிட்டுப் போகிறார்கள். முற்றமெல்லாம் நனைந்து கிடக்கும் தைமாத விடியலை விட்டுவிட்டால் அந்த மண்ணின் பாதியை விட்டதாகிவிடும்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி ஓய்ந்தபின் நிலம் ஈரமாகவும் குளங்கள் நிறைந்தும் இருக்கும். மேகம் விலகி வானம் வெளித்த இரவுகளில் புல், இலை, கூரைத்தகரம் ஆகியவை தம் சூட்டை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிட விரைவாகக் குளிர்கின்றன. அவற்றைத் தொடும் காற்றின் நீராவி துளியாகப் படிகிறது. வாடைக்காற்று ஓயாமல் வீசும் கரையோரத்தில் பனி குறைவு. காற்றடங்கிய உட்புற வயல்வெளியில் கூடுதல். நெடுந்தீவில், சாந்தின்றி அடுக்கிய பவளக்கல் வேலிகள் பகற்சூட்டை நெடுநேரம் வைத்திருப்பதால் அவ்வளவாக நனைவதில்லை. அருகே குதிரைகள் மேயும் புற்றரையோ கால் வைக்க முடியாதபடி நனைந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் மிகக் குளிர்ந்த மாதத்திலும் இரவு வெப்பநிலை ஏறத்தாழ 22 பாகை செல்சியஸ். எனவே நீர் உறைவதற்கு வழியே இல்லை. இலங்கையில் வெண்மையான விடியலைப் பார்க்க 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகவேண்டும். அங்கே தை, மாசியில் சில நாட்கள் புல்மேல் உறைபனி பூத்துத் தேயிலைக் கொழுந்தைக் கருக்குகிறது. அதுவும் நிலத்தில் உறைந்த நீரே. மேகத்திலிருந்து விழும் வெண்பனியைத் தீவக மக்கள் கண்டது பெரும்பாலும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் குடிபெயர்ந்த பிறகுதான்.

ஊரில் இக்காலத்தின் குரல் திருவெம்பாவை. மார்கழித் திருவாதிரையோடு முடியும் பத்து நாட்களும் இருள் பிரியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பாடிச் செல்வார்கள். தலையில் துவாய் சுற்றாமல் வெளிக்கிட்டால் தடிமன் பிடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள்; திரும்பி வந்தால் வேர்க்கொம்பும் மல்லியும் இடித்துப் போட்ட கோப்பி.

தொழில் பனியைப் பார்த்தே நடக்கிறது. மழையை நம்பி விதைத்த நெல் தையில் விளைந்துவிடும். ஆனாலும் பனி காயாமல் அரிவு வெட்டத் தொடங்கமாட்டார்கள். ஈரக்கதிரைச் சூடு வைத்தால் நெல் புழுங்கிப் பழுதாகும். இதே பருவத்தில்தான் பனங்கிழங்கு கிண்டுகிறார்கள். கிழித்துக் காயவிட்ட ஒடியலைப் பொழுதுபட முன்னரே உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பூஞ்சணம் பிடிக்கும். வெங்காயத் தோட்டக்காரருக்கு இது கவலைக் காலம். இரவு முழுதும் நனைந்த தாளில் பூஞ்சை நோய் எளிதில் தொற்றும்.

ஓர் இரவின் பனி அரை மில்லிமீற்றரைத் தாண்டுவது அரிது. கிணற்று நன்னீருக்கு அதனால் பயனில்லை. அதற்கு மழைதான் வேண்டும். எனினும் மழை நின்றபின் புல்லின் பசுமை சில நாட்கள் கூடுதலாக நிற்க அது உதவுகிறது; மாடு வளர்ப்போருக்கு அது சிறிய காரியமல்ல. பங்குனி பிறந்து இரவும் புழுங்கத் தொடங்கினால் பனி நின்றுவிடும்.