ஹோகாத் பதிப்பகம்

நூலாசிரியரைப் போற்றும் உலகம் அந்நூலைப் பதிப்பித்தோரை எளிதில் மறந்துவிடுகின்றது. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தோன்றிய நாட்டினராகிய நமக்குப் பதிப்புப் பணியின் அருமை புதிதன்று. யாழ்ப்பாணக் கச்சேரியிலே பணிபுரிந்த ஆங்கிலேயர் ஒருவர் பின்னர்த் தம் நாட்டில் நடத்திய சிறு பதிப்பகமொன்றின் வரலாறும் அவ்வருமையைப் புலப்படுத்தும்.

லெனாட் வுல்ஃப் என்பார் 1905ஆம் ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற்கு வந்தார். பின்னர்க் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றி, 1911இல் தாயகம் மீண்டார். அடுத்த ஆண்டில் உத்தியோகத்தைத் துறந்து, எழுத்தாளராகிய வேர்ஜீனியாவை மணந்தார். அவ்வம்மையாரோ கொடிய உளநோயால் அடிக்கடி வருந்தியவர். கைத்தொழிலொன்று அவர் மனத்துக்கு ஆறுதலளிக்குமெனக் கருதி, 1917இல் இருவரும் சிறிய கையச்சியந்திரம் ஒன்றை வாங்கினர். அச்சுக்கலைப் பள்ளியிற் சேர அவர்களுக்கு இடங்கிடைக்கவில்லை. இயந்திரத்துடன் வந்த சிறு கைந்நூலே ஆசானாயிற்று.

இலண்டனை அடுத்த றிச்மண்டில், ஹோகாத் இல்லம் என்னும் தம் மனையின் உணவு மேசைமீது இயந்திரத்தை அமைத்தனர். லெனாட்டின் கைகள் இயல்பாகவே நடுங்குவன. ஆதலின் எழுத்துக் கோக்கும் வேலை வேர்ஜீனியாவுக்கும், இயந்திரத்தை இயக்கும் வேலை அவருக்கும் உரியவாயின. இருவரும் எழுதிய இரு கதைகளைக் கொண்ட முதல் வெளியீடு 150 படிகளே அச்சிடப்பட்டது. 1919இல் வெளிவந்த வேர்ஜீனியாவின் கதையொன்றைப் பத்திரிகையொன்று பாராட்டியதும், வெளியூரிலிருந்து வீடு திரும்பிய இருவரும் வாயிலிலே கடிதங்கள் குவிந்து கிடக்கக் கண்டனர். பொழுதுபோக்கு அன்றுமுதல் தொழிலாக மாறத் தொடங்கிற்று.

கதரின் மான்ஸ்ஃபீல்டின் நெடுங்கதையையும், ரி. எஸ். எலியற்றின் கவிதைகளையும் அவர்கள் வெளியிட்டனர். எலியற்றின் 'பாழ்நிலம்' 1923இல் வேர்ஜீனியாவே எழுத்துக் கோத்து வெளிவந்தது. 1921இல் வந்த லெனாட்டின் 'கீழைத்தேயக் கதைகள்' என்னும் நூலிலே, யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட கதையொன்றும் உண்டு. 1924 முதல் சிக்மண்ட் பிராய்டின் உளப்பகுப்பாய்வு நூல்களையும் இப்பதிப்பகம் ஆங்கிலத்தில் வழங்கிற்று.

பெரு நிறுவனங்கள் விற்பனையை எண்ணித் தயங்கிய நூல்களை இவர்கள் எவ்வாறு ஏற்றனர்? வீடே தொழிற்கூடம், தொடக்கத்தில் உழைப்பும் தமதே. செலவு சிறிதாதலின் நட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தம் முதலிரு நாவல்களைப் பிறரிடங் கொடுத்த வேர்ஜீனியா, 1922 முதல் எவர் இசைவையும் வேண்டாது, தாம் விரும்பியவாறே எழுதலானார். அவருடைய புதுமை நாவல்கள் பிறத்தற்கு இச்சுதந்திரமும் ஒரு காரணமெனல் மிகையாகாது.

எனினும், சிறுமைக்கு எல்லையுமுண்டு. ஜேம்ஸ் ஜொய்ஸின் 'யுலிசிஸ்' 1918இல் இவர்களிடம் வந்தபோது, அப்பெருநூலைக் கையச்சிற் கோத்தல் இயலாதாயிற்று. வழக்குக்கு அஞ்சிய பிற அச்சகத்தாரும் மறுத்தனர். இயந்திரத்தின் அளவே நூலின் விதியையும் அங்கே தீர்மானித்தது.

1938இல் ஜோன் லேமன் வேர்ஜீனியாவின் பங்கைப் பெற்றார். 1940இன் குண்டுவீச்சால் பதிப்பகம் இலண்டனைவிட்டு லெட்ச்வேர்த்துக்கு மாறிற்று. 1941இல் வேர்ஜீனியா மறைந்தார். பின்னர்ப் பங்காளர் இருவர்க்கும் ஒவ்வாமை முற்ற, 1946இல் லேமனின் பங்கு சட்டோ அன்ட் வின்டஸ் என்னும் பெரிய நிறுவனத்துக்குச் சென்றது. பெயர் நிலைத்தது, தனித்தியங்கும் வாழ்வு முடிந்தது.

இருபத்தொன்பது ஆண்டுகளில் 500க்கு மேற்பட்ட வெளியீடுகளைத் தந்த இப்பதிப்பகத்தின் முதலீடு பணமன்று. எது அச்சேறத் தக்கது என்று தாமே துணியும் உரிமையே அது. அவ்வுரிமையைக் காக்க வல்லதாயின், ஓர் உணவு மேசையும் ஒரு நாட்டின் இலக்கியத்துக்குப் போதிய இடமாகும்.